மூன்று பந்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும்: ஜக்லிங் பொருள்கள் செய்து விற்கும் அனுபவம்

பல பந்துகளை மாறி மாறி மேலே வீசிப் பிடிக்கும் ஜக்லிங் வித்தையைக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற பலர் சீக்கிரமே விட்டுவிடுவதற்கு அவர்கள் கையில் இருக்கும் பந்துதான் முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன். ரப்பர் பந்து தவறி விழுந்தால் துள்ளி அறையின் அந்தப் பக்கம் போய்விடும். டென்னிஸ் பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி குனிந்து தேடுவதிலேயே போய்விடுகிறது. போதாததற்கு, டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம் வரைதான். உள்ளங்கையில் விழுந்தது உறைப்பதற்குள் எகிறிவிடும். புதிதாகக் கற்பவருக்கு வேண்டியது விழுந்த இடத்திலேயே கிடக்கும் பந்து. கைக்கு வந்ததும் விரல்கள் தானாக மூடிக்கொள்ளும் அளவுக்குக் கனமான பந்து. துணியில் தைத்து உள்ளே தானியமோ பிளாஸ்டிக் குருணையோ நிரப்பிய பீன்பேக் பந்து அப்படிப்பட்டது.

மனசுக்குப் பிடித்த பந்து கிடைக்கவில்லை என்பதால் நானே தைக்க ஆரம்பித்தேன். முதலில் எனக்கு, அப்புறம் கூடப் பயிற்சி செய்கிறவர்களுக்கு, பிறகு அவர்கள் சொல்லிக் கேட்டு வந்தவர்களுக்கு. இன்று என் வருமானத்தில் ஒரு பகுதி இதிலிருந்துதான் வருகிறது. அழகாக ஒரு பந்து தைக்க யாரும் பழகிவிடலாம். அதே பந்தை அடுத்த மாதமும் அடுத்த வருஷமும் அச்சு மாறாமல் தைத்துக் கொடுப்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. ஆகவே இங்கே எழுதுவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

தையலே தெரியாதவர்கள் பலூனில் தொடங்கலாம். ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் தானியம் போட்டு முடிந்து, கழுத்தை வெட்டிய பலூனுக்குள் திணித்து, வாய்ப்பக்கம் மறையும்படி இன்னொரு பலூனை எதிர்ப்பக்கத்திலிருந்து மாட்ட வேண்டும். மூன்றாவது பலூனும் போட்டால் ஓரளவு உழைக்கும். குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கும்போது இதைச் செய்யச் சொல்வேன். தானே செய்த பந்தை யாரும் சீக்கிரம் மூலையில் போடுவதில்லை. ஆனால் ரப்பர் சில வாரங்களில் கிழிந்துவிடும் என்பதால் இதை விற்க நினைக்காதீர்கள்.

தைக்கும் பந்தில் மிக எளிமையானது நான்கு இதழ் பந்து. உரித்த ஆரஞ்சுச் சுளையின் வெளிப்பக்கம்போல இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் அகலமாக ஒவ்வொரு துண்டும் இருக்கும். கணக்கு சுலபம். 67 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்துக்குச் சுற்றளவு சுமார் 210 மில்லிமீட்டர். இதழின் நீளம் அதில் பாதி, 105. நடு அகலம் அதில் கால் பங்கு, சுமார் 53. இதற்கு வெளியே சுற்றிலும் தையலுக்காக 5 மில்லிமீட்டர் விட வேண்டும். இந்த வடிவத்தைக் கெட்டி அட்டையில் வெட்டிவைத்தால் காலத்துக்கும் அதுதான் உங்கள் பேட்டர்ன். அட்டையின் ஓரம் தேயத் தேயப் பந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போகும். அதனால் நான் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி வைத்திருக்கிறேன்.

இழுபடும் துணியாக இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது. நிரப்பியதும் துணி விரிந்து பந்து பெரிதாகிவிடும். துணி வாங்கியதும் ஒரே ஒரு பந்து தைத்து, நிரப்பி, சுற்றளவை நூலால் அளந்து, பேட்டர்னைத் திருத்திய பிறகே மீதித் துணியில் கத்தரி வைக்க வேண்டும். துணி நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்குவாக்கில் வேறு மாதிரியும் இழுபடும். எல்லா இதழ்களையும் ஒரே திசையில் வைத்து வெட்டாவிட்டால் பந்து ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும்.

விட்டத்தில் சில மில்லிமீட்டர் கூடுவது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கன அளவு விட்டத்தின் மும்மடியில் (விட்டம் × விட்டம் × விட்டம்) வளர்கிறது. 67 மில்லிமீட்டர் பந்து 70 ஆகிவிட்டால் உள்ளே கொள்ளும் இடம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுகிறது. 120 கிராம் பந்து அப்போது 137 கிராம் கேட்கும். எடையை 120-லேயே நிறுத்தினால் பந்து தொளதொளவென்று இருக்கும். மூன்றில் ஒரு பந்து இப்படி இருந்தால், ஜக்லிங் பழகிய கை அதைக் கண்ணால் பார்க்காமலே கண்டுபிடித்துவிடும். எடையில் இரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசமுள்ள பந்துகளை நான் ஒரே செட்டில் வைப்பதில்லை. யாரும் கேட்டு நான் வைத்த விதி கிடையாது. ஐந்து பந்து வீசிப் பழகுகிற ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பந்துகளை உருட்டிப் பார்த்து, கனமான ஒன்றைத் தனியாக எடுத்து வைத்ததைப் பார்த்த பிறகு இதைத் தளர்த்த மனம் வரவில்லை.

எடையை முடிவு செய்வது உள்ளே போடும் பொருள். 67 மில்லிமீட்டர் பந்துக்குள் சுமார் 157 கன சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. தினை போன்ற சிறுதானியத்தை அதில் நிறைத்தால் ஏறக்குறைய 120 கிராம் வரும். பெரியவர்களின் கைக்கு இது அளவான எடை. பிளாஸ்டிக் குருணை இதைவிட லேசு, 90 கிராமை ஒட்டி நிற்கும். மணல் போட்டால் 240 கிராம் தொடும். கை வலித்துவிடும், நுண்ணிய தூளும் தையல் வழியே கசியும். பெரிய தானியமாக இருந்தால் பந்தைப் பிடிக்கும்போது கரடுமுரடாக உறுத்தும். சிறிய, உருண்டையான, வழவழப்பான மணிதான் விரலுக்கு ஏற்றபடி இடம்கொடுத்து நகரும்.

கையில் பிடிக்கும் சுகத்தைக் கேட்டால் என் ஓட்டு தானியத்துக்குத்தான். ஆனால் விற்பனைக்கு வரும்போது வேறு சில விஷயங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தானியம் ஈரத்தை இழுக்கும், நனைந்தால் பூசணம் பிடிக்கும், வண்டு வைக்கும். நன்றாகக் காயவைத்து, சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மறுபடி ஒருமுறை காயவைத்து நிரப்பினால் வண்டுத் தொல்லை பெரும்பாலும் இராது. இன்னொரு சிக்கல், விதையும் தானியமும் நாட்டு எல்லையைத் தாண்டும்போது தாவரப் பாதுகாப்பு விதிகளுக்குள் வந்துவிடும். வெளிநாட்டு ஆர்டர்களுக்குப் பிளாஸ்டிக் குருணை போடுகிறேன், அல்லது வெறும் உறைகளை மட்டும் தைத்து ஒரு பக்கம் திறந்து வைத்து அனுப்புகிறேன். வாங்குகிறவரே நிரப்பித் தைத்துக்கொள்ளலாம். மூன்று பந்துக்கு 360 கிராம் என்பது வெறும் உறையாகப் போகும்போது ஒரு கடிதத்தின் எடைதான். அஞ்சல் செலவும் அதற்கேற்பக் குறையும். எப்படித் தைத்து மூடுவது என்று படம் போட்ட ஒரு தாளும் கூடவே வைப்பேன்.

துணி விஷயத்தில் நான் நிறையச் சோதித்துப் பார்த்துவிட்டேன். பருத்தி கைக்கு இதமானது, அழுக்கும் உடனே ஏறும். ரெக்சின் துடைத்தால் சுத்தமாகிவிடும், ஆனால் வியர்த்த கையில் ஒட்டும். வீசும் நேரத்தில் பந்து விரலை விட்டுப் பிரிய ஒரு கணம் தாமதித்தாலும் அது போகும் பாதை மாறிவிடுகிறது. தோல் அருமையான பொருள்தான், ஆனால் வியர்வை ஏறி ஏறிக் காலப்போக்கில் விறைத்துவிடுகிறது. மென்தோல்போல இருக்கும் செயற்கை சூயிட் துணியில் வந்து நின்றுவிட்டேன். வழுக்காது, ஒட்டாது, ஓரத்தில் பிசிறு அதிகம் வராது, துவைக்கலாம்.

தையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திரும்பி வருகிற பந்துகளில் கிழிந்திருப்பது பெரும்பாலும் துணி கிடையாது, நூல்தான். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து நொடிக்கு 6 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையில் மோதுகிறது. உள்ளே இருக்கும் மணிகள் அந்த நேரத்தில் பக்கவாட்டில் பிதுங்கித் தையலைத் தள்ளுகின்றன. இது ஒரு பயிற்சியில் எத்தனை முறை நடக்கும் என்று ஜக்லிங் பழகியவர்களுக்குத் தெரியும். சாதாரண ஓட்டுத் தையல் இதற்கு நிற்காது. கையால் தைத்தால், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் கொண்டுவந்து குத்தும் கெட்டித் தையல் போட வேண்டும், சென்டிமீட்டருக்கு மூன்று நான்கு என்ற நெருக்கத்தில். நூல் மெழுகு பூசிய பாலியெஸ்டர் அல்லது நைலானாக இருக்கட்டும். பருத்தி நூல் உராய்வில் தேய்ந்துவிடும். மிஷினில் தைத்தால் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு வரி ஓட்டிவிடுங்கள்.

நான்கு இதழ் பந்தின் பலவீனம் அதன் இரண்டு முனைகள். நான்கு தையல்களும் அங்கே ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. துணி அங்கே கெட்டிப்பட்டு, கையில் படும்போது ஒரு முடிச்சுபோல உறுத்தும். சரியாகச் சேராவிட்டால் ஓட்டை விழும். இதற்கு மாற்றாகப் பன்னிரண்டு ஐங்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கலாம். ஒவ்வொரு மூலையிலும் மூன்று துண்டுகள் மட்டுமே சந்திப்பதால் உருண்டை வடிவம் நன்றாக வரும், எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் நான்கு இதழில் மொத்தத் தையல் சுமார் 42 சென்டிமீட்டர் என்றால், அதே அளவு ஐங்கோணப் பந்தில் முப்பது ஓரங்களும் சேர்ந்து 78 சென்டிமீட்டர் வரும். தைக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு, இருபது மூலைகளில் நின்று நின்று திரும்புவதையும் சேர்த்தால் அதற்கும் மேல். பொழுதுபோக்காகத் தைத்த காலத்தில் இந்த வித்தியாசம் எனக்குப் பொருட்டே இல்லை. விலை வைக்கும்போது அதுதான் எல்லாம்.

விலை வைப்பதில் பலரும் துணி, நூல், குருணை என்று கூட்டி, மேலே கொஞ்சம் லாபம் போடுகிறார்கள். கையால் செய்யும் பொருளுக்கு அந்தக் கணக்கு உதவாது. பொருள் செலவு மொத்தத்தில் சிறு பங்குதான், மீதியெல்லாம் நேரம். ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்ட எவ்வளவு, தைக்க எவ்வளவு, நிரப்பி எடை பார்க்க எவ்வளவு, வாய் மூட எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்துப் பாருங்கள். வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவதும் பார்சல் கட்டுவதும் அஞ்சலில் சேர்ப்பதும் நேரம்தான், அதையும் சேருங்கள். வரும் மொத்த நேரத்தை உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் எதிர்பார்க்கும் கூலியால் பெருக்கினால் கிடைக்கும் தொகை முதலில் திகைக்க வைக்கும். அந்த விலைக்குக் கொடுக்க முடியாது என்று தோன்றினால் நேரத்தைக் குறைக்க வழி தேடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

நேரம் குறைவது வேலையை அடுக்கிச் செய்வதில்தான். ஒரு பந்தை ஆரம்பித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது மனசுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் வேலை ஓடாது. ஒரு நாள் முழுக்க வெட்டுவது, இன்னொரு நாள் முழுக்கத் தைப்பது, பிறகு எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் தராசில் நிறுத்து நிரப்புவது என்று மாற்றிக்கொண்டேன். கை ஒரே வேலையில் படிந்துவிடும்போது பந்துகளும் ஒன்றுபோல வருகின்றன. குருணையைப் பந்துக்குள் போட்டு எடை பார்ப்பதைவிட, வெறும் உறையை முதலில் தராசில் வைத்து, மீதி எடைக்கான குருணையைத் தனிக் கிண்ணத்தில் அளந்து புனல் வழியே இறக்குவது வேகமானது. புனலின் கழுத்து அகலமாக இருக்கட்டும். குறுகலான கழுத்தில் மணிகள் அடைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். எந்தத் துணி, எங்கே எப்போது வாங்கியது, எந்த பேட்டர்ன், எந்த நூல், எத்தனை கிராம், யாருக்குப் போனது என்று அதில் எழுதி, துணியில் ஒரு சிறு துண்டை அதோடு பின் அடித்துவிடுவேன். மூன்று பந்து வாங்கிப் பழகியவர் கொஞ்ச காலம் கழித்து நான்காவதும் ஐந்தாவதும் கேட்டு வருவார். அவை பழைய மூன்றோடு சேர்ந்து போக வேண்டும். சாயத் தொகுதி மாறியதால் நிறம் துளி வேறுபட்டால் பரவாயில்லை, முன்கூட்டிச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். பிடிக்கும் உணர்வு மாறினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ஏற்றுக்கொள்ளவும் கூடாது. பழைய பந்துகள் உபயோகத்தில் தளர்ந்திருக்கும் என்பதால், புதியவற்றை ஒரு துணிப்பையில் போட்டு நன்றாக உருட்டிப் பிசைந்து இளக்கிய பிறகே அனுப்புகிறேன்.

யாருக்கு என்ன பந்து என்று கேட்டுச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். கை சிறியவர்களுக்கு 60 மில்லிமீட்டர், 80 கிராமை ஒட்டி. ஐந்தோ அதற்கு மேலோ வீசுகிறவர்கள் ஒரே கையில் குறைந்தது மூன்று பந்தைப் பிடித்துத் தொடங்க வேண்டியிருப்பதால் சிறியதாக, கொஞ்சம் தளர்வாகக் கேட்பார்கள். மேடையில் ஆடுகிறவர்களுக்குத் தூரத்திலிருந்து தெரியும் பெரிய பந்து வேண்டும். பந்தின் படத்தைத் தனியாகப் போடாமல் கையில் பிடித்தபடி போட்டு, விட்டத்தையும் எடையையும் எண்ணில் எழுதினால் பாதிக் கேள்விகள் குறைந்துவிடும்.

குழந்தைகளுக்கு என்று சொல்லி விற்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருள் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது பொம்மைப் பாதுகாப்பு விதிகளுக்குள் வந்துவிடும், அந்த விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறி வேண்டும். அமெரிக்காவில் பொம்மைகளுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்963 என்ற தரநிலை இருக்கிறது. கையால் நாலு பந்து தைக்கிறவருக்கும் இதில் பெரிய விலக்கு கிடையாது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தையல் விட்டால் உள்ளே இருப்பது சின்னஞ்சிறு மணிகள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் அது ஆபத்து. பெரியவர்களின் பயிற்சிக்கான பொருள் என்று தெளிவாக எழுதி விற்கிறேன்.

தீப்பந்தம் செய்து தரச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். மறுத்துவிடுகிறேன். சூட்டைத் தாங்கும் கெவ்லர் இழைத் திரியைத் தண்டில் இறுக்கிக் கட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் எரியும்போது அது கழன்று யார் மேலாவது விழுந்தால் அதற்குப் பதில் சொல்லும் நிலையில் ஒரு வீட்டுப் பட்டறை இருக்க முடியாது. காப்பீடும் முறையான சோதனை வசதியும் உள்ள நிறுவனங்களே அதைச் செய்யட்டும்.

பந்துக்குப் பதிலாக வீசும் வளையம் செய்வது எளிது. வெளி விட்டம் 32 சென்டிமீட்டர், உள் விட்டம் 25 வைத்து 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுத்தால் 60 கிராமை ஒட்டி வரும், அதே அளவில் பாலிஎத்திலீன் தகடு என்றால் 90 கிராம். வேகமாக வரும் வளையம் கட்டைவிரல் இடுக்கில் அறைவதால் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து உருட்டுவதில் சோம்பல் கூடாது. இரண்டு கைக்கோல்களால் ஒரு கோலைத் தட்டித் தட்டிக் காற்றில் நிறுத்தும் டெவில் ஸ்டிக் இன்னும் எளிது: முனைகள் பருத்து நடு மெலிந்த ஒரு கோல், இரண்டு கைக்கோல்கள், மூன்றின் மேலும் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினால் போதும்.

பாட்டில் வடிவத்தில் நீண்ட கைப்பிடியோடு இருக்கும் கிளப் வேறு உலகம். உடற்பயிற்சிக்குச் சுழற்றும் கர்லாக்கட்டை மேற்கே போய், லேசாகி, வீசும் பொருளாக மாறியதுதான் இன்றைய ஜக்லிங் கிளப். இந்தத் தொழிலில் பேர்பெற்றவர்களில் பலர் முதலில் ஜக்லர்கள். வாடவில் எனப்படும் அமெரிக்கப் பல்சுவை நிகழ்ச்சி மேடைகளில் ஆடிய ஹாரி லிண்ட் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் மரத்தில் கிளப் செய்து கொடுத்தார். 1947-இல் சர்வதேச ஜக்லர்கள் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பிரையன் டூபே 1975-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் இந்தத் துறையில் முக்கியமான ஒன்று. தனக்கு வேண்டியதைத் தானே செய்து, அடுத்தவருக்கும் செய்து கொடுத்து வளர்ந்த பாதை இது. பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் மரக்கோலைச் செருகி, கைப்பிடியில் ஃபோம் சுற்றி டேப் ஒட்டி நான் செய்யும் கிளப் 50 சென்டிமீட்டர் நீளம், 220 கிராம் எடை என்று அளவில் சரியாக வருகிறது. விரல் மேல் படுக்கவைத்து நிறுத்திப் பார்த்தால் சமநிலைப் புள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது. அதனால் ஒன்று சுற்றி முடித்துக் கைக்கு வரும்போது இன்னொன்று முக்கால் சுற்றில் நிற்கும். பயிற்சிக்கு நானே வைத்துக்கொள்கிறேன். அந்தப் புள்ளி மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்கும்வரை விற்பனைக்கு வைக்கப்போவதில்லை.

தையல் பிரிந்தால் எப்போது வேண்டுமானாலும் இலவசமாகச் சரிசெய்து தருகிறேன். செலவு குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். எந்த இடத்தில் நூல் தேய்கிறது, எந்த நிறம் முதலில் வெளுக்கிறது, வாய் மூடிய இடம் எவ்வளவு நாள் தாங்குகிறது என்பதெல்லாம் திரும்பி வந்த பந்துகளிலிருந்துதான் தெரிந்தது. வாய் மூடும் தையலை இப்போது இரட்டை நூலில் போடுவது அப்படி வந்த மாற்றம்தான்.

ஆர்டர் கூடிய பிறகு தையலில் ஒருவர் உதவிக்கு வருகிறார். என்னைவிட நேர்த்தியாகத் தைப்பவர். ஆனால் அவர் நூலை இழுக்கும் இறுக்கம் வேறு, என் இறுக்கம் வேறு. அவர் தைத்த பந்து அதே பேட்டர்னில் அதே எடையில் ஒரு துளி கெட்டியாக நிற்கிறது. இறுக்கத்தை மாற்றச் சொல்லிப் பார்ப்பதைவிட, அட்டையில் தைத்தவர் யார் என்று ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்துவிட்டேன். ஒரு செட்டில் இருக்கும் பந்துகள் எல்லாம் ஒரே கையால் தைத்தவையாக இருக்கும். பிறகு கூடுதல் பந்து கேட்டு வந்தால் அதையும் அதே கைதான் தைக்கும்.